தேன்பெட்டி இருந்த இடம்

காலையில் பல் துலக்குவதற்குள் கைப்பேசியில் ஒரு படம் வந்து விழுந்தது. பூவின் மேல் தேனீ. அதற்குக் கீழே, தேனீயிடம் நாம் கற்க வேண்டிய பாடங்களாம்: உழைப்பு, ஒற்றுமை, சேமிப்பு, தலைமைக்குக் கீழ்ப்படிதல். அனுப்பியவர் என்னோடு ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், ஆனால் ஒரு தேன்பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தவர் இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வயதான காலத்தில் படத்தோடு சண்டை போட முடியாது என்பதால் இங்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வலைப்பூவில் இதுவரை கோயில், குளம், மலை என்றுதான் எழுதியிருக்கிறேன். திருவாமாத்தூர் போன கட்டுரையைப் படித்துவிட்டுப் பலர் பேருந்து எண் கேட்டீர்கள். இன்று எழுதப்போவது அப்படிப்பட்ட இடத்துக்குப் போனது அல்ல. அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி மாதம், விழுப்புரத்திலிருந்து ஒலக்கூர் பக்கம் போய், கணவனை இழந்த என் அக்கா சரோஜாவை வீட்டுக்கு அழைத்துவந்த பயணம். இதே மாதிரிப் பயணம் உங்களில் சிலருக்கு வாய்க்கும். வாய்க்காமல் போனால் சந்தோஷம்.

அக்காவுக்கு அப்போது இருபத்தேழு வயது. எனக்கு அவளைவிட நான்கு வயது குறைவு. மாமா காய்ச்சலில் படுத்தார், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பிள்ளைகள் இல்லை. பிளாக் ஆபீசில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தபோது ஒரு பெட்டியை வாங்கிவந்து வீட்டு முன்வாசலில் வைத்திருந்தார் மாமா. ஊரே சிரித்தது. மல்லாட்டையும் (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) கேப்பையும் போடுகிற மனுஷனுக்குப் பூச்சி எதற்கு என்றார்கள். அக்காதான் அவருக்குத் துணையாக நின்று புகை காட்டுவாள், பெட்டிக்குள் அடை கட்டியிருக்கும் சட்டத்தைத் தூக்கிப் பார்ப்பாள். கையில் கொட்டினால் நகத்தால் வழித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். பிள்ளை இல்லாத வீட்டில் அவர்கள் இருவரும் சேர்ந்து வளர்த்தது அது ஒன்றுதான்.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் பிறந்த வீட்டுக் கோடி எடுத்துக்கொண்டு போக வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி. அதனால் புடவையை என் பையில் வைத்து அனுப்பினார்கள். அம்மா வாசல்வரை வந்து சொன்னாள்:

“காரியம் முடிஞ்ச கையோட அவள அழைச்சிக்கினு வந்துடு. அங்க விட்டுட்டு நீ மட்டும் வராத.”

எனக்கு இடப்பட்ட வேலை அவ்வளவுதான்.

விழுப்புரத்தில் காலை பாசஞ்சரைப் பிடித்தேன். ஒலக்கூருக்கு முப்பது மைலுக்குச் சற்றுக் குறைவு. ஒரு ரூபாய் கொடுத்தால் டிக்கெட் போகச் சில்லறை மிஞ்சும். ஆனால் அந்த வண்டிக்கு அவசரம் என்பதே கிடையாது. முண்டியம்பாக்கத்தில் நின்றது, விக்கிரவாண்டியில் நின்றது, பேரணியில் எதிர்வண்டிக்காகப் படுத்தேவிட்டது. திண்டிவனத்தில் பாதிக் கூட்டம் இறங்கியதும் உட்கார இடம் கிடைத்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவனின் சட்டைக் காலர் கரியால் கறுத்துப்போகும். வெளியே மல்லாட்டை பிடுங்கிய கொல்லைகள் வெறுமனே கிடந்தன. ஏரிகளில் நடுவில் மட்டும் தண்ணீர். வேடிக்கை பார்க்கிற மனநிலையில் நான் இல்லை என்றாலும் கண் சும்மா இருக்கிறதா என்ன.

ஒலக்கூரிலிருந்து அக்காவின் ஊருக்கு நாலு மைல். பெயரைச் சொல்லவில்லை, அவர்கள் வீட்டார் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். ஸ்டேஷனுக்கு வெளியே புளியமரத்தடியில் ஒரு மாட்டுவண்டி நின்றது. அந்த ஊர் வண்டிதான். ஊரைச் சொன்னதும் வண்டிக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“தேன்பொட்டி வூட்டுக்குங்களா? ஏறிக்குங்க. நாளைக்குக் காரியம், தெரியும். பந்தல் வேற போட்டுக்கினு கீறாங்க.”

கொஞ்ச தூரம் மாட்டைத் தட்டிக்கொண்டே வந்தார். பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

“அந்தப் பூச்சிங்கதான் பேஜாராக் கீதுங்க. நேத்துல இருந்து பந்தக்கால்லயே சுத்திக்கினு கீதுங்க. தொரத்துனாலும் போவல. செத்தவரத் தேடுதுன்றாங்க ஊர்ல.”

அந்த வயதில் எதையும் நம்பலாம் போலத்தான் இருந்தது.

வீட்டு வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். பெட்டி எப்போதும் இருக்கும் இடத்தில் பெட்டி இல்லை. அது நின்ற மரக்கால்களுக்கு எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர்க் கிண்ணங்கள் வைத்திருப்பார்கள். அந்தக் கிண்ணங்களின் வட்டத் தடங்கள் மட்டும் மண்ணில் இருந்தன. அந்தத் தடங்களுக்கு மேலே, இடுப்பு உயரத்தில், தேனீக்கள் வெறும் காற்றைப் பார்த்துக்கொண்டு பறந்தன. சரியாகப் பெட்டியின் வாசல் இருந்த உயரம். முன்னே வரும், தடுமாறும், பின்னே போகும், மறுபடி வரும். பக்கத்து மூங்கில் காலில் இரண்டு கை அளவுக்குக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. கீழே மண்ணில் செத்தது பாதி, சாகப்போவது பாதி. பந்தல் போட வந்தவர்கள் துண்டால் விசிறிக்கொண்டு அந்த வழியாகப் போய்வந்தார்கள்.

மாமாவின் அண்ணன் என்னைக் கண்டதும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவரைப் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். கெட்டவர் என்று எழுதினால் என் கை புழுத்துப்போகும். தம்பி படுத்ததிலிருந்து வைத்தியரைத் தேடித் திண்டிவனத்துக்கும் ஊருக்குமாக அலைந்தவர் அவர்தான். அவரிடமே கேட்டேன், பெட்டி எங்கே என்று.

“வர்ற சனத்த கொட்டிடும்னு பின்னால வைக்கப்போர்கிட்ட எடுத்து வெச்சோம் தம்பி. வூடு ஒண்ணுதானே, அதுங்களே வந்து சேந்துக்கும்னு பாத்தேன்.”

எடுத்து வைத்தது பட்டப்பகலில், தேனீக்கள் முருங்கைக்கும் எள்ளுக்கொல்லைக்கும் போயிருந்த நேரத்தில்.

அக்கா உள்ளே இருந்தாள். முன்னறையில் அக்காவும் மாமாவும் படுத்திருந்த இடத்தில் இப்போது பெரிய மாமாவின் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவைப் பின்கட்டில் மல்லாட்டை மூட்டை அடுக்கியிருந்த அறையில் உட்காரவைத்திருந்தார்கள். கருமாதி முடியும்வரை அவள் வாசல்படிக்கு வரக்கூடாது, யார் முகத்திலும் விழிக்கக்கூடாது. அந்த அறையில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியே வைக்கோல் போரும் அதனடியில் பெட்டியும் தெரிந்தன.

என்னைப் பார்த்ததும் அழுவாள் என்று பயந்துகொண்டே போனேன். அவள் முதலில் கேட்டது இதுதான்:

“வாசல்ல சுத்துதுங்களாடா?”

சுத்துது என்றேன். அவள் தலையை மூட்டையில் சாய்த்துக்கொண்டாள்.

“வெளிய போய் வர்ற பூச்சிக்குப் பொட்டி தெரியாதுடா. எடந்தான் தெரியும். காலையில எந்த எடத்துலருந்து கெளம்புச்சோ அங்கதான் திரும்பி வரும். பொட்டிய நகத்துறதா இருந்தா ஒரு மொழம் நகத்தலாம். இல்லன்னா ரெண்டு மூணு மைலு தாண்டிக் கொண்டுபோயிடணும். நடுவுல வெச்சா இப்பிடித்தான், சொந்த வூட்ட பின்னால வெச்சிக்கினே அநாதையா சாவும். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நான்தான் மூலையில கெடக்கறனே, யாரு கேக்கறது?”

யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. துக்க வீட்டில் மூலையில் உட்கார்ந்திருக்கிறவளிடம் போய்ப் பூச்சியைப் பற்றிக் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்திருக்கிறார்கள். அந்த மரியாதையில்தான் அவை செத்தன. இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

இருட்டியதும் பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்தால் மிச்சமாவது பிழைக்கும் என்று அக்கா சொன்னாள். நான் போய்ப் பெரிய மாமாவிடம் கேட்டேன். அவர் பந்தலைப் பார்த்தார், நாளைக்குச் சமைக்கத் தோண்டியிருந்த அடுப்பைப் பார்த்தார்.

“நாளைக்கு நூறு பேரு வந்து குந்தற எடம் தம்பி. காரியத்துக்கு வந்தவனக் கொட்டிச்சின்னா நான் இன்னா பதில் சொல்றது? ஒரு நாள் பொறுத்துக்கச் சொல்லு. நாளான்னிக்கு நானே தூக்கி வைக்கறேன்.”

நியாயம்தான். துக்க வீட்டில் எல்லோரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது.

சாயந்திரம் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னதைச் சொன்னேன்.

“நான் எங்கியும் வரல. அந்தப் பொட்டியில ராணி கீது, புழு கீது, உள்ள வேல பாக்கற சின்னப் பூச்சிங்க கீது. இன்னும் வெளிய போவாத பூச்சிங்க அதுங்க. அதுங்க தலையெடுத்துட்டா கூடு தேறிடும். நான் போயிட்டா யாரு பாப்பா?”

“பெட்டிக்காகவா இங்க இருக்கப்போற?”

“வேற எதுக்காவ இருக்கறதுன்னு நீ சொல்லு.”

நான் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். அவளாகவே பேசினாள். அவளுக்குப் பேச வேறு எதுவும் இல்லை, அல்லது வேறு எதையும் பேச முடியவில்லை. பிறந்த தேனீ முதலில் தான் பிறந்த அறையைத்தான் துடைக்குமாம். பிறகு புழுவுக்கு ஊட்டும், பிறகு மெழுகு கட்டும், வாசலில் காவல் நிற்கும், கடைசியாகத்தான் பூவுக்குப் போகும். போய்ப் போய் இறக்கை கிழிந்து வெளியிலேயே விழுந்து சாகும். உள்ளே செத்தால் இன்னொன்று காலைப் பிடித்து இழுத்துவந்து வாசலுக்கு வெளியே போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிடும். ராணி என்கிறோமே, அது உத்தரவு போட்டு அக்கா பார்த்ததில்லை. முட்டை போடும்வரை சோறு. சரியாகப் போடவில்லையென்றால் அதே பிள்ளைகள் இன்னொரு ராணியை வளர்த்துக்கொள்ளும். ஆண் ஈக்களுக்கும் தேவைப்படும்வரைதான் தீனி, பஞ்சம் வந்தால் வாசலுக்கு வெளியே தள்ளிவிடும்.

“அவரு இதையெல்லாம் பாத்துட்டுச் சிரிப்பாரு. நம்ம ஊர்க்காரன் மாதிரியே கீதுங்க பாரு சரோஜான்னுவாரு.”

அப்போதுதான் அவள் அழுதாள்.

படம் அனுப்பிய நண்பருக்கு இதைத்தான் சொல்ல வேண்டும் என்றிருந்தேன். கூட்டில் ஒற்றுமை இருக்கிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே யாரும் யாரையும் தேடுவதில்லை. ஒரு வீட்டில் அப்படி நடந்துகொண்டால் அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் வேறு.

மறுநாள் கருமாதி. சடங்குகளை நான் எழுதப்போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் கொண்டுபோன கோடியை அவள் தோளில் போட்டேன். பந்தலடியில் அடுப்புப் புகை சுற்றிச்சுற்றி அடித்தது. மூங்கில் காலில் இருந்த கொத்து பாதியாக இளைத்து, பிற்பகலில் ஒரு பிடியாகி, பந்தி முடிந்து இலை எடுத்தபோது அங்கே ஒன்றுமே இல்லை. யாரும் கவனிக்கவில்லை. கவனித்த என்னாலும் எதுவும் செய்ய முடியவில்லை.

அதற்கு மறுநாள் காலை, வெயில் ஏறத் தொடங்கிய நேரம், பின்பக்கமிருந்து ஓர் இரைச்சல் கேட்டது. அக்கா இப்போது வெளியே வரலாம், சடங்கு முடிந்துவிட்டது. நாங்கள் வைக்கோல் போரடிக்குப் போவதற்குள் பெட்டியின் வாசலிலிருந்து தேனீக்கள் பொங்கி வழிந்தன. தண்ணீரும் மகரந்தமும் கொண்டுவரும் பெரிய பூச்சிகள் செத்துவிட்டன, புகை வேறு. நம்ம ஊர்த் தேனீ ரோஷக்காரப் பூச்சி, இருக்கப் பிடிக்கவில்லையென்றால் கூட்டையே உதறிவிட்டுப் போய்விடும் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள். பறந்தவை எங்கள் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றின. கொல்லையைத் தாண்டி, பனைமரங்களைத் தாண்டி, ஏரிப்பக்கம் போய்விட்டன. ராணியும் போய்விட்டது.

அக்கா மூடியைத் திறந்தாள். சட்டங்களில் தேன் ஒரு சொட்டு இல்லை, போகும்போது குடித்துவிட்டுப் போயிருந்தன. அறைகளில் வெள்ளையாகப் புழுக்கள் மட்டும் விட்டது விட்டபடி இருந்தன. அவள் அவற்றை ரொம்ப நேரம் பார்த்தாள்.

பெரிய மாமா காலிப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாக, “இந்தப் பொட்டிய இன்னா பண்றதும்மா?” என்றார். இன்றைக்குத் தூக்கி முன்னால் வைக்கத் துண்டை உதறிக்கொண்டு வந்தவர் அவர்.

“மல்லாட்ட வெத போட்டு வைங்க மாமா” என்றாள் அக்கா. பிறகு என்னிடம் திரும்பி, “வண்டி சொல்லுடா” என்றாள்.

திரும்பும்போது பிற்பகல் வண்டிதான் கிடைத்தது. ஒலக்கூர் பிளாட்பாரத்தில் நிழல் குறைவு, தண்ணீர் கொண்டுபோவது நல்லது. ரயிலில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். மயிலம் தாண்டிய பிறகு, நான் ஏதாவது பேசவேண்டுமே என்று, தூரமாகக் கொண்டுபோனால் தேனீக்கு எப்படிப் புது இடம் தெரியும் என்று கேட்டுவைத்தேன்.

“மொத நாளு வெளிய வரும். வந்ததும் பறந்து போவாது. திரும்பி நின்னு பொட்டியப் பாக்கும். இப்பிடியும் அப்பிடியும் ஆடி ஆடிப் பாக்கும். பாத்து மனசுல வாங்கிக்கினுதான் போவும். அத்தப் பாக்க விடாம அடைச்சி வெச்சா எடமே தெரியாது.”

விழுப்புரத்தில் நாங்கள் இருந்தது புது வாடகை வீடு. அந்த ஐப்பசியில்தான் மாறியிருந்தோம். பொங்கலுக்கு அக்கா வராததால் அவள் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. எதிர்வீட்டில் கல்யாணப் பந்தல். கருமாதி முடிந்து வருகிறவள் அவர்கள் கண்ணில் படக்கூடாது என்று அம்மா, விளக்கு வைத்த பிறகு, பின்சந்து வழியாக அழைத்துவரச் சொல்லியிருந்தாள். அப்படியே வந்தோம். அம்மா கொல்லைக் கதவைத் திறந்து அவளைக் கட்டிக்கொண்டு உள்ளே கூட்டிப்போனாள். அதன் பிறகு வாரக்கணக்கில் அக்கா தெருவாசலுக்கே வரவில்லை. அம்மா வரவிடவில்லை. ஊர் வாய்க்குப் பயம்.

அக்கா விடிவதற்கு முன்பே எழுந்துகொள்வாள். எழுந்ததும் நேரே நடந்துபோய்ச் சுவரில் முட்டிக்கொள்வாள். கையால் தடவித் தடவித் தாழ்ப்பாளைத் தேடுவாள். மாமா வீட்டில் அந்தப் பக்கம்தான் கதவு. இங்கே அந்தப் பக்கம் வெறும் சுவர். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, தினமும். வெள்ளையடித்த சுவரில் அவள் கை பட்ட இடம் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்துவிட்டது. அம்மா மந்திரிக்க ஆள் தேடினாள். அப்பா அந்தக் கறையைப் பார்க்காமல் இருக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

இதே மாதிரிப் பயணம் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். காரியத்துக்கு முந்தின நாள் போகாதீர்கள், இரண்டு நாள் முன்னதாகவே போங்கள். வீட்டில் எது எதை நகர்த்தப்போகிறார்கள் என்று தெரியும். மூலையில் உட்கார்ந்திருப்பவளிடம் கேளுங்கள். அவளுக்குத் துக்கம்தான், வாய் போகவில்லை. அழைத்துவருவதாக இருந்தால் பகலில் அழைத்துவாருங்கள், முன்வாசல் வழியாக. யார் எதிரே வந்தால் என்ன. உள்ளே இழுத்துக்கொள்வதற்கு முன் அவளைத் தெருவில் கொஞ்ச நேரம் நிற்கவிடுங்கள்.

இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பங்குனி கடைசியில் ஒரு காலை, எதிர்வீட்டுப் பந்தலெல்லாம் பிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது, அக்கா சுவர்ப்பக்கம் போய்த் தடவிக்கொண்டு நின்றவள் திடீரென்று திரும்பினாள். கூடத்தைக் கடந்து தெருக்கதவைத் தானாகவே திறந்தாள். “எங்கடி போற?” என்று அம்மா பதறி எழுந்தாள். அப்பா அம்மாவின் கையைப் பிடித்து உட்காரவைத்தார். நான் பின்னால் போய் வாசலில் நின்றேன். அக்கா தெருவைக் கடந்து குழாயடிவரை போனாள். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டு ஒதுங்கினார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. திரும்பி நின்று எங்கள் வீட்டைப் பார்த்தாள். ஓட்டைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து பார்த்தாள், அந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தாள். விடிந்து வெளிச்சம் வரும்வரை பார்த்துவிட்டு வந்தாள்.

படியேறும்போது என்னிடம் சொன்னாள்: “இந்த வூட்டு வாசல் மேக்கப் பாத்துக் கீதாடா? நான் கெழக்குன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

அதற்குப் பிறகு அவள் சுவரில் முட்டிக்கொள்ளவில்லை. புது இடத்தைப் பார்த்து வாங்கிக்கொண்ட தேனீக்குப் பழைய இடம் மறந்துபோகும் என்று அவள்தான் ஒருமுறை சொல்லியிருந்தாள். அவளுக்கு மறந்ததா என்று, அவள் இருந்தவரை, எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கேட்க வாய் வரவில்லை.